அரபு நாடுகளில் சண்டை ஏன் ஓய்வதில்லை? லெபனானை முன்வைத்து ஒரு பதில்

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். அரபு நாடுகளில் ஏன் எப்போதும் ஏதாவது ஒரு சண்டை? ஷியா-சன்னி பகைதான் எல்லாவற்றுக்கும் வேரா? தேர்தல் ஒழுங்காக நடந்தால் சரியாகிவிடுமா?

அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக்கில் 22 நாடுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பதிலில் அடக்க முடியாது. எனக்கு நன்றாகத் தெரிந்த லெபனானை விரிவாகவும் மற்றவற்றை அதன் ஓரமாகவும் சொல்கிறேன்.

முதலில் ஷியா-சன்னி கதை. நம் தொலைக்காட்சிகள் இதை வாய்பாடு போல ஒப்பிக்கின்றன. அல்ஜீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 டிசம்பரில் நடந்த தேர்தலின் முதல் சுற்றில் இஸ்லாமியக் கட்சி ஒன்று பெரும் வெற்றி பெற்றது. அடுத்த மாதமே ராணுவம் இரண்டாம் சுற்றை ரத்து செய்தது. அதன்பின் வெடித்த உள்நாட்டுப் போரில் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் பேர் வரை செத்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த நாட்டில் ஷியாக்கள் இல்லை என்றே சொல்லலாம். கொன்றவரும் சன்னி, செத்தவரும் சன்னி. லிபியாவிலும் அப்படித்தான். சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று மோதத் தொடங்கிய ராணுவமும் துணைப்படையும் அதற்கு முன் ஒரே ஆட்சியின் இரு கைகள். அந்தப் போரில் வீடிழந்து ஓடியவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

ஈராக்கில் ஷியா-சன்னி வன்முறை நடந்தது, கொடூரமாகவே நடந்தது. ஆனால் 2019 அக்டோபரில் பாக்தாத்திலும் தெற்கு நகரங்களிலும் தெருவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஷியா இளைஞர்கள். எதிர்த்தது ஷியாக் கட்சிகள் தலைமை தாங்கிய அரசை. நஜஃப் நகரில் ஈரானின் துணைத் தூதரகத்துக்குத் தீ வைத்தவர்களும் அவர்களே. அந்தச் சில மாதங்களில் சுமார் 600 பேர் கொல்லப்பட்டார்கள். மதப்பிரிவுதான் காரணம் என்றால் இதை எப்படி விளக்குவது?

என் பதில் இது. இந்த நாடுகளில் பெரும்பாலான சண்டை, அரசு யார் கையில் என்பதைப் பற்றியது. அரசு வேலை, ஒப்பந்தம், இறக்குமதி உரிமம், மானிய ரொட்டி, போலீஸ், நீதிமன்றம் எல்லாம் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. கதவுக்கு உள்ளே இருப்பவனுக்கு எல்லாம் கிடைக்கும், வெளியே இருப்பவனுக்கு ஒன்றும் கிடையாது. மதப்பிரிவு, குலம், ஊர் என்பவை யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் அடையாளங்கள். இது எப்படி நடக்கிறது என்பதை லெபனானில் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். மற்ற நாடுகளில் மறைவாக நடப்பதை அங்கே வெளிப்படையாகவே ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

1920 செப்டம்பரில் பிரெஞ்சு ஜெனரல் கூரோ பெய்ரூட்டில் 'பெரிய லெபனான்' என்ற நாட்டை அறிவித்தார். மரோனைட் கிறிஸ்தவர்களும் துரூஸ் என்ற தனி மதக் குழுவினரும் வாழ்ந்த மலைப்பகுதியோடு திரிப்போலி, சிடோன், பெக்கா பள்ளத்தாக்கு, தெற்குப் பகுதி எல்லாம் சேர்க்கப்பட்டன. மலை மட்டும் தனி நாடாகியிருந்தால் கிறிஸ்தவர்கள் தெளிவான பெரும்பான்மை. விரிந்த நாட்டில் அவர்கள் பாதியைச் சற்றே தாண்டினார்கள். 1932இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு அதைத்தான் காட்டியது. அதற்குப் பிறகு அந்த நாட்டில் அதிகாரபூர்வமான மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. எடுத்தால் பங்கீடு ஆட்டம் காணும் என்று எல்லாத் தலைவர்களுக்கும் தெரியும்.

1943இல் சுதந்திரம் வந்தபோது எழுதாத ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டார்கள். குடியரசுத் தலைவர் மரோனைட், பிரதமர் சன்னி, சபாநாயகர் ஷியா. நாடாளுமன்ற இடங்கள் ஆறு கிறிஸ்தவருக்கு ஐந்து முஸ்லிம் என்ற விகிதத்தில். பிறப்பு விகிதமும் வெளிநாடு போய்க் குடியேறுவதும் மக்கள் கணக்கை மாற்றிக்கொண்டே போக, பங்கு மட்டும் 1932இலேயே நின்றது. 1948இல் வந்த பாலஸ்தீன அகதிகள், 1970க்குப் பின் ஜோர்டானிலிருந்து விரட்டப்பட்டு வந்த பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள், தெற்கில் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்த ஷியா விவசாயிகள் என்று ஒவ்வொன்றாக அந்தப் பழைய கணக்கின் மேல் பாரம் ஏறியது. 1975 ஏப்ரல் 13 அன்று பெய்ரூட்டின் அயின் அல்-ரும்மானே பகுதியில் பாலஸ்தீனர்கள் சென்ற பேருந்தைச் சுட்டார்கள். அன்று தொடங்கிய போர் 1990 வரை நீடித்தது. செத்தவர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். காணாமல் போனவர்களாகச் சொல்லப்படுவோர் 17,000 பேர்.

அந்தப் போரில் ஒருவருடைய அடையாள அட்டையிலேயே மதப்பிரிவு அச்சிடப்பட்டிருந்தது. சாலையில் தடுப்பு போட்டு நிற்பவன் அட்டையை வாங்கிப் பார்ப்பான். தவறான பிரிவு என்றால் காரை விட்டு இறக்கிவிடுவான். 1975 டிசம்பர் 6, 'கறுப்பு சனிக்கிழமை' என்று அவர்கள் சொல்லும் நாளில், இப்படி அட்டையைப் பார்த்தே நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். கலந்து வாழ்ந்த பேட்டைகள் பிரிந்தன, பெய்ரூட் கிழக்கு மேற்கு என்று இரண்டானது. மதப்பிரிவு முதற்காரணம் அல்ல என்று நான் சொல்வதை, அது பொய் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் சிந்திய பிறகு அந்த அடையாளம் நிஜமாகிவிடுகிறது. அட்டையைப் பார்த்துக் கொன்றவர்களால் அண்ணனை இழந்தவனிடம் போய் "இது வெறும் பங்குச் சண்டைதான்" என்று யாரும் சொல்ல முடியாது.

1989இல் சவூதியின் தாயிப் நகரில் உடன்பாடு ஏற்பட்டது. விகிதம் பாதிக்குப் பாதியானது. இன்று நாடாளுமன்றத்தில் 128 இடங்கள். மரோனைட்டுகளுக்கு 34, சன்னிகளுக்கு 27, ஷியாக்களுக்கு 27, கிரேக்க ஆர்த்தடாக்ஸுக்கு 14, துரூஸ்களுக்கு 8 என்று ஒவ்வொரு இடத்திலும் பிரிவின் பெயர் ஒட்டியிருக்கிறது. மதப்பிரிவு அரசியலைப் படிப்படியாக ஒழிப்போம் என்றும் அதே உடன்பாடு சொன்னது. அந்தப் பகுதி காகிதத்தோடு நின்றுவிட்டது. 1991இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது, படை நடத்தியவர்கள் அமைச்சர்கள் ஆனார்கள். அமல் என்ற ஷியாப் படையின் தலைவராக இருந்த நபீஹ் பெர்ரி 1992இல் சபாநாயகரானார். முப்பது ஆண்டு தாண்டியும் அந்த நாற்காலியில் அவரே. போர் முடிந்தது, ஆனால் போர் எதற்காக நடந்ததோ அந்தப் பங்கீடு அமைச்சகங்களுக்குள் குடிபுகுந்தது.

பங்கீடு அன்றாட வாழ்க்கையில் எப்படி இருக்கும்? லெபனானில் நீங்கள் வாழும் ஊரில் உங்களுக்கு ஓட்டு இல்லை. உங்கள் பாட்டனார் பதிவான கிராமத்தில்தான் ஓட்டு. பெய்ரூட்டில் பிறந்து பெய்ரூட்டிலேயே கிழவனானாலும், தேர்தலன்று காரெடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போக வேண்டும். கல்யாணம் ஆனால் பெண்ணின் பெயர் கணவன் வீட்டுப் பதிவேட்டுக்கு மாறிவிடும். ஊரில் உங்களை அறிந்த, உங்கள் குடும்பத்துக்கு வேலையோ ஆஸ்பத்திரிக் கட்டிலோ வாங்கித் தந்த தலைவரின் ஆள் சாவடி வாசலில் நிற்பார். நகரத்தில் கூட வேலை செய்பவர்களோடும் பக்கத்து வீட்டுக்காரர்களோடும் சேர்ந்து ஒரு புதிய கட்சியை வளர்க்கலாம் என்றால், அவர்கள் எல்லாரும் வெவ்வேறு மூலையில் ஓட்டுப் போடுகிறவர்கள். இந்த ஒரு ஏற்பாட்டுக்கு இருக்கும் வலிமை எந்தத் துப்பாக்கிக்கும் இல்லை என்பது என் கருத்து.

கல்யாணத்திலும் இதே கதை. அரசு அங்கீகரித்த மதப்பிரிவுகள் 18. திருமணம், விவாகரத்து, குழந்தை யாரிடம் என்பதெல்லாம் அந்தந்தப் பிரிவின் சட்டப்படி. நாட்டுக்குள் பதிவுத் திருமணம் என்ற ஒன்று கிடையாது. ஷியாப் பெண்ணும் மரோனைட் பையனும் மதம் மாறாமல் மணக்க வேண்டுமென்றால் விமானம் ஏறி சைப்ரஸ் போய்ப் பதிவு செய்துகொண்டு வர வேண்டும். வெளிநாட்டவரை மணந்த லெபனான் பெண்ணின் பிள்ளைகளுக்கு அவள் குடியுரிமை போகாது. காரணமாகச் சொல்லப்படுவது, பாலஸ்தீனரும் சிரியரும் குடியுரிமை பெற்றால் பங்கீடு குலையும் என்பதே. ஒரு பெண் தன் குழந்தைக்குத் தன் நாட்டைத் தர முடியாமல் போவதற்கும் 1932 கணக்குக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

இனி 2019 அக்டோபர். இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்த நோயும் ஒரே வாரத்தில் வெளிவந்தது. அந்த மாதம் 13ஆம் தேதி வாக்கில் மலைக்காடுகளில் தீப்பிடித்தது. நூறு இடங்களுக்கு மேல் எரிந்தது. நாட்டிடம் தீயணைப்பு ஹெலிகாப்டர்கள் மூன்று இருந்தன. நன்கொடை திரட்டி வாங்கியவை அவை. பராமரிப்புக்குக் காசு ஒதுக்காததால் விமான நிலையத்தில் சும்மா கிடந்தன. சைப்ரஸிலிருந்து விமானம் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. சரி, காடுகளைக் காக்க ஆட்களாவது உண்டா? வனக்காவலர் வேலைக்குத் தேர்வு எழுதித் தேறியவர்கள் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஆனால் தேறியவர்களில் முஸ்லிம்கள் அதிகம், கிறிஸ்தவர்கள் குறைவு. விகிதம் சரியில்லை என்று நியமன ஆணையில் கையெழுத்து விழவில்லை. பரீட்சையில் தேறிய பையன்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க, காடு எரிந்தது.

அந்தப் புகை அடங்கும் முன்பே, 17ஆம் தேதி, வாட்ஸாப் அழைப்புக்கு மாதம் 6 டாலர் வரி என்று அரசு சொன்னது. அன்று இரவே ஜனங்கள் தெருவில். சன்னி நகரமான திரிப்போலி, ஷியாக்கள் நிறைந்த நபாத்தியே, கிறிஸ்தவர் பகுதியான ஜல் அல்-தீப் என்று எல்லா இடத்திலும் ஒரே கோஷம்: "எல்லாரும் என்றால் எல்லாரும்." அதாவது எங்கள் பிரிவுத் தலைவர் மட்டும் நல்லவர் என்று இனி எவரும் விதிவிலக்குக் கேட்க வேண்டாம், அத்தனை பேரும் போக வேண்டும். அந்தக் கோஷத்தில் எனக்கு இன்றும் நம்பிக்கை இருக்கிறது. அந்த மக்கள் தங்கள் நோயை எந்த ஆய்வாளரையும்விடச் சரியாகக் கண்டுகொண்டிருந்தார்கள்.

அப்புறம் வங்கிகள் கதவை மூடின. 1997லிருந்து ஒரு டாலருக்கு 1,507.5 லிரா என்று நிலையாக வைத்திருந்தார்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பிய டாலரை அதிக வட்டி காட்டி இழுத்து, அதையே அரசுக்குக் கடனாகக் கொடுத்து, அந்தக் கடனில் ஒவ்வொரு தலைவரும் தன் ஆட்களுக்குப் பங்கு வைத்தார்கள். 2020 மார்ச்சில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 2023 மார்ச்சில் ஒரு டாலர் ஒரு லட்சம் லிராவைத் தொட்டது. மாதம் 15 லட்சம் லிரா சம்பளம் வாங்கிய ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். முன்பு அது ஆயிரம் டாலர். அன்றைய விலையில் 15 டாலர். வாழ்நாள் சேமிப்பு வங்கியில் இருக்கிறது, எடுக்க முடியாது. 2022இல் சிலர் துப்பாக்கியோடு, ஒரு பெண் பொம்மைத் துப்பாக்கியோடு, வங்கிக்குள் புகுந்து தங்கள் சொந்தப் பணத்தையே பறித்துக்கொண்டு போனார்கள். தெருவில் அவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது.

அந்த இடிபாட்டில் மிகவும் நசுங்கியவர்களைச் சொல்லாமல் விடக் கூடாது. லெபனான் வீடுகளில் வேலை செய்த எத்தியோப்பியா, இலங்கை, பிலிப்பைன்ஸ் பெண்கள். கஃபாலா முறைப்படி அவர்களுடைய விசா முதலாளியின் கையில். பாஸ்போர்ட்டையும் பெரும்பாலும் அவரே வாங்கி வைத்துக்கொள்வார். 2020 கோடையில் சம்பளம் கொடுக்க முடியாத முதலாளிகள் எத்தியோப்பியப் பெண்களைப் பெட்டியோடு கொண்டுபோய்த் தூதரக வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அரபு நாட்டுச் சமூக மோதல் என்றால் குடிமக்களுக்குள் நடப்பதை மட்டும் பார்க்கிறோம். குடியுரிமையே இல்லாதவர்கள் கணக்கில் வருவதில்லை. கத்தாரிலும் அமீரகத்திலும் வசிப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வெளிநாட்டவர். குவைத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தும் எந்த நாட்டுக் காகிதமும் இல்லாத 'பிதூன்' மக்கள் இருக்கிறார்கள். சிரியாவில் 1962இல் ஹசக்கா பகுதியில் நடத்திய கணக்கெடுப்பு ஒன்றில் சுமார் 1,20,000 குர்துக்கள் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். சத்தமில்லாமல் நடக்கும் மோதல்கள் இவை. செய்தியில் வராததால் இல்லை என்றாகிவிடாது.

சிரியாவையும் யேமனையும் பற்றிக் கொஞ்சம். 2011 தொடக்கத்தில் தெரா நகரில், சுவரில் ஆட்சிக்கு எதிராக எழுதிய சிறுவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். மக்கள் திரண்டபோது எதை எரித்தார்கள் என்று பாருங்கள்: ஆளும் பாத் கட்சியின் அலுவலகம், நீதிமன்றம், சிரியாடெல் என்ற கைப்பேசி நிறுவனத்தின் கிளை. அந்த நிறுவனம் அதிபர் பஷார் அல்-அசத்தின் மாமன் மகனுடையது. அசத் பிறந்த அலவிப் பிரிவினரின் தொழுகை இடம் எதுவும் எரியவில்லை. கட்சி, நீதி, குடும்ப வியாபாரம் மூன்றும் ஒரே கையில் இருந்ததன் மேல்தான் கோபம். சன்னி-அலவி வெறுப்பு அதற்குப் பிறகு வளர்க்கப்பட்டது. 2012 மே மாதம் சன்னிகள் வாழ்ந்த ஹூலாவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது போன்ற படுகொலைகள் அதை வளர்த்தன. 2024 டிசம்பர் 8 அன்று அசத் ஓடிய பிறகும் அது சாகவில்லை. அடுத்த மார்ச்சில் கடற்கரைப் பகுதியில் அலவிக் குடும்பங்களைக் கொன்று குவித்தார்கள்.

யேமனில் அலி அப்துல்லா ஸாலிஹ், வடக்கின் ஆயுத இயக்கமான ஹூதிகள் இரு தரப்புமே ஷியாவின் ஒரு கிளையான ஸைதிப் பின்னணி. ஸாலிஹ் அதிபராக இருந்தபோது 2004க்கும் 2010க்கும் இடையே ஹூதிகள் மேல் ஆறு முறை போர் தொடுத்தார். பதவி போனதும் அதே ஹூதிகளோடு கைகோத்து 2014 செப்டம்பரில் சனா நகரைப் பிடிக்க உதவினார். 2017 டிசம்பரில் கூட்டணி முறிந்தது, ஹூதிகளே அவரைக் கொன்றார்கள். 2014இல் ஹூதிகள் பின்னால் கூட்டம் சேர்ந்ததற்கு உடனடிக் காரணம் எரிபொருள் மானியத்தை அரசு வெட்டியது. இதில் எங்கே ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழைய பகை? 2015 மார்ச்சில் சவூதி கூட்டணி குண்டு போடத் தொடங்கியது. 2021 முடிய 3,77,000 பேர் செத்திருப்பார்கள் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அதில் அறுபது சதவீதம் அளவுக்குப் பசி, நோய், மருந்தின்மையால் வந்த சாவு. குண்டைவிடப் பட்டினி அதிகம் கொன்றிருக்கிறது.

ரொட்டியும் இந்தக் கதையில் முக்கியமானது. எகிப்தில் 1977 ஜனவரியில் மானியத்தை வெட்டியதும் இரண்டு நாள் நாடே பற்றி எரிந்தது, அதிபர் சாதாத் பின்வாங்கினார். ஓட்டுரிமை கேட்காதே, ரொட்டி மலிவாகத் தருகிறேன் என்பதுதான் பல ஆட்சிகளின் பேரம். எண்ணெய் உள்ளவர்கள் அதைத் தொடர முடிந்தது: 2011 வசந்தத்தில் சவூதி மன்னர் 13,000 கோடி டாலர் அளவுக்குச் சலுகைகள் அறிவித்தார். பெரிய அளவில் எண்ணெய் இல்லாத துனிசியாவால் அதைச் செய்ய முடியவில்லை. சிதி பூஸித் நகரில் தள்ளுவண்டிச் சரக்கு பறிபோன வியாபாரி முஹம்மத் புவாஸிஸி 2010 டிசம்பர் 17 அன்று தீக்குளித்தார். ஒரு மாதத்துக்குள் அதிபர் பென் அலி விமானம் ஏறிவிட்டார்.

வெளிநாட்டுக் கை இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய உண்டு. 2003இல் அமெரிக்கா ஈராக்கில் புகுந்து, ராணுவத்தை ஒரே உத்தரவில் கலைத்து, லட்சக்கணக்கான ஆயுதம் பழகியவர்களைச் சம்பளமின்றித் தெருவில் விட்டது. பிறகு லெபனான் பாணியில் பிரதமர் ஷியா, சபாநாயகர் சன்னி, குடியரசுத் தலைவர் குர்து என்ற வழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. இஸ்ரேல் 1982இல் லெபனானுக்குள் நுழைந்து, 2000 வரை தெற்கைப் பிடித்து வைத்திருந்தது. ஷியா ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லா அந்த ஆக்கிரமிப்பில்தான் வளர்ந்தது. ஈரானும் சவூதியும் ஆளுக்கொரு பக்கம் பணமும் ஆயுதமும் கொடுத்தன. ஆனாலும் எல்லாம் அந்நியர் சதி என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அந்த ஹெலிகாப்டர்களைப் பழுதாக விட்டது எந்த வல்லரசும் அல்ல.

கடைசிக் கேள்வி, தேர்தல். லெபனானில் தேர்தல் நடக்கிறது, ஈராக்கிலும் நடக்கிறது. தலைவர்கள் மாறுவதில்லை. எனக்குத் தேர்தலைவிட முக்கியமாகப் படுவது ஒரு வழக்கு. 2020 ஆகஸ்ட் 4 மாலை பெய்ரூட் துறைமுகத்தில், 2014லிருந்து ஒரு கிடங்கில் போட்டு வைத்திருந்த அமோனியம் நைட்ரேட் வெடித்தது. இறக்கி வைத்தபோது அது 2,750 டன். 200 பேருக்கு மேல் செத்தார்கள், பாதி நகரத்தின் கண்ணாடி நொறுங்கியது. அங்கே அது கிடப்பது அதிகாரிகள் பலருக்குத் தெரிந்தே இருந்தது. நீதிபதி தாரிக் பிதார் விசாரிக்கக் கூப்பிட்டவர்களில் சன்னிப் பிரதமரும் உண்டு, ஷியா, மரோனைட் முன்னாள் அமைச்சர்களும் உண்டு. வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் அவரை நிறுத்துவதில் ஒத்துப்போனார்கள். 2021 அக்டோபரில் அவருக்கு எதிரான ஆர்ப்பாட்டம் துப்பாக்கிச் சண்டையாகி 7 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் அவர் மீண்டும் தொடங்கியபோது, நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞர் கைதிகள் அனைவரையும் விடுவித்து, நீதிபதி மேலேயே வழக்குப் போட்டார்.

2025 ஜனவரியில், இரண்டு ஆண்டுக்கும் மேல் காலியாகக் கிடந்த பதவிக்கு ஜோசப் அவுன் குடியரசுத் தலைவராக வந்தார். சர்வதேச நீதிமன்றத் தலைவராக இருந்த நவாஃப் ஸலாம் பிரதமராக நியமிக்கப்பட்டார். அதே மாதம் பிதார் விசாரணையை மறுபடியும் எடுத்தார். எந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தாலும் ஒரு முன்னாள் அமைச்சர் அந்த வழக்கில் கூண்டில் ஏறித் தண்டனை பெறுவாரானால், அங்கே மிக அபூர்வமான ஒன்று நடந்ததாக அர்த்தம். அரபு நாடுகளைப் பற்றி நல்ல செய்தி ஏதாவது வருமா என்று கேட்டால், நான் எதிர்பார்த்திருக்கும் செய்தி அதுதான்.